ஒரு கையெழுத்துக்கு ஒரு பேர்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும், ஒழுக்காற்றுக் குழுவில் இருக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியேறிய பழைய ஆசிரிய மாணவி, விடுதியில் கேட்கும் பாதுகாவலர் கையெழுத்தைப் பற்றி எழுதுகிறேன். இப்போது ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைத்த நல்லவை நிறைய. ஊர் சிரிக்க எழுத மனம் வரவில்லை. படித்தால் உங்களுக்கு விளங்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பாடசாலைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். கெட்டிக்காரப் பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி கொஞ்சம் போதாமல் பல்கலைக்கழகம் கைநழுவிப் போனது. இப்போது உங்கள் கல்லூரிக்குத் தெரிவாகியிருக்கிறாள். மழையில் நனையாமல் சொப்பிங் பேக்கில் சுற்றி ஒரு கட்டுக் கடதாசி கொண்டுவந்திருந்தார் அம்மா. இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டியலை வாசித்தோம். சேலை இத்தனை, வாளி ஒன்று, பீங்கான் ஒன்று, கம்பளி ஒன்று. கம்பளி என்றதும், “நம்ம கம்பளி ஆகுமா டீச்சர், இல்லாட்டி புதுசா வாங்கணுமா?” என்றார். மலையில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளியை நினைத்துக் கேட்கிறார்.

அதற்குப் பிறகு கட்டின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். மாதிரிக் கையொப்ப அட்டை. மூன்று பெட்டிகள்.

“மூணு பொட்டியிலயும் ஒரே மாதிரி போடணுமாம் டீச்சர். எனக்கு ஒண்ணு போட்டாலே கை ஆடுது.”

சிரித்துவிட்டேன். அப்புறம் அட்டையை வாங்கிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. 2016இல் நான் கொண்டுவந்த அதே அட்டை. ‘பாதுகாவலர்’ என்பதில் ஒரு கால் விடுபட்டு ‘பாதுகவலர்’ என்று அச்சாகியிருந்ததே, அந்தப் பிழைகூட அப்படியே இருக்கிறது.

வெளியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரிய மாணவி வார இறுதியில் வீட்டுக்குப் போக வேண்டுமானால் பாதுகாவலரிடமிருந்து கடிதம் வர வேண்டும். கடிதத்தின் கீழே உள்ள கையெழுத்து அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இது தவிர, ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பாதுகாவலர் நேரில் வந்து, விடுதிப் பொறுப்பாளரான வோர்டனின் தடித்த சி.ஆர். கொப்பியில் ஒப்பமிட வேண்டும். இதில் எது பிசகினாலும் கேட் திறக்காது.

என் அப்பா நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே போய்விட்டார். அம்மா அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான். அட்டை வந்ததும் நான்தான் அவருக்குக் கையெழுத்துப் பழக்கினேன். நான் படிப்பித்த முதல் மாணவி அம்மாதான் என்று சொல்லலாம், உங்கள் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே. கிழித்த மாதக் கலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுவதும் எழுதினார். அவர் பெயரின் நடுவில் ஒரு மூன்று சுழி ‘ண’ வரும். அதுதான் அவருக்குச் சனியன். ஒரு நாள் இரண்டு சுழியோடு நிற்கும். இன்னொரு நாள் பேனா நிற்காமல் நான்காவது சுழிக்குப் போய்விடும். “எத்தனைன்னு எண்ணிக்கிட்டே எழுதினா எழுத்து மறந்து போவுது புள்ள” என்பார். தமிழ் கற்பிக்கும் முறைகள் பற்றி உங்களிடம் இரண்டு வருடம் படித்திருக்கிறேன்; எழுதப் பழகுகிறவரின் சிரமத்தை அம்மா ஒரு வரியில் சொன்னது போல எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

முதல் தவணையில் அம்மாவின் கடிதம் வந்தது. கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியிருந்தது, கையெழுத்து அம்மாவுடையது. அலுவலகத்தில் கடிதத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அட்டையில் மூன்று சுழி. கடிதத்தில் நான்கு. “இது உங்க அம்மா கையெழுத்து இல்லையே” என்று திருப்பித் தந்தார்கள். அந்த வாரம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா. நான் விடுதியில் இருந்து உடுப்புத் துவைத்தேன்.

அடுத்த மாதம் கடிதத்தை நானே எழுதினேன். கையெழுத்தும் நானே போட்டேன். அழகாக மூன்று சுழி. உடனே அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் என் கடிதம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அம்மா தன் கையால் போட்டதுதான் போலி என்று வந்தது. நான் போட்ட போலி ஒவ்வொரு தடவையும் அசல் என்று போனது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் அந்த அட்டை எதைச் சோதித்தது என்று நீங்களும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

நான் மட்டுமல்ல. எங்கள் விடுதியில் கையெழுத்து நன்றாக வரும் ஒரு சிநேகிதி இருந்தாள். பதினொரு அப்பாமார், அவள் ஒரு பேனா. நீலம், கறுப்பு என்று மையை மாற்றிப் போடுவாள். இப்போது அவள் தன் பாடசாலையில் ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான டீச்சர்.

கடிதம் தபாலில் வர வேண்டும் என்ற விதியை எழுதியவர் தெருப்பெயரும் வீட்டிலக்கமும் உள்ள இடத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். எங்கள் லயத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வரும்போது யாராவது வாங்கி வருவார்கள், அல்லது பக்கத்து லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் மூன்று நாள் கிடக்கும். நான் கேட்டு, அம்மா அனுப்பி, உங்கள் மேசைக்கு வந்து சேர இரண்டு கிழமை. இந்தப் பிள்ளையின் நேர்முகத் தேர்வுக் கடிதமே தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கையில் கிடைத்தது. அம்மா குவைத்திலும் அப்பா கொழும்புக் கடையிலும் இருக்கிற பிள்ளைக்கு யார் கடிதம் போடுவது? என் பட்சில் அப்படி ஒருத்தி இருந்தாள். அப்பாயிதான் பாதுகாவலர். கிழவியின் கைநாட்டைக் கண்ணால் ஒப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கைரேகையைத்தான் பொலிஸார் நம்புகிறார்கள், அது வேறு கதை.

இனி, நேரில் வந்து போடும் ஒப்பம். தோட்டத்தில் வேலைநாளைப் ‘பேர்’ என்றுதான் எண்ணுவோம். செக்ரோல் என்ற வரவுப் பதிவில் பேர் விழுந்தால் அந்த நாளுக்குச் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நான் சேர்ந்த காலத்தில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து ஒரு பேர் 620 ரூபாய். அந்த வருஷம் ஒக்டோபரில் 730 ஆனது. இதில் ஒரு பகுதி வரவுக்கான கொடுப்பனவு. அப்போது, வேலை கொடுத்த நாட்களில் 75 வீதமாவது போயிருந்தால்தான் அது கிடைத்தது. உங்கள் வோர்டனின் கொப்பியில் அரை நிமிடம் ஒப்பமிட அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஒரு ரயில், இரண்டு பஸ் ஏறி வந்து, இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர்வார். ஒரு பேர் போனது. பயணக்காசு போனது. காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் படுத்த மாதமாக இருந்தால் வரவுக் காசும் சேர்ந்து போகும். 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ஆனது உண்மைதான். இத்தனை வருடத்தில் பஸ் காசும் ஏறிவிட்டது.

ஒரு தடவை அம்மா வந்தபோது வோர்டன் மிஸ் கூட்டத்தில் இருந்தார். அம்மா கேட்டுக்கு உள்ளே, செக்கியூரிட்டி அண்ணனின் கூட்டுக்குப் பக்கத்தில், இரண்டரை மணித்தியாலம் நின்றார். உட்காரச் சொன்னார்களாம், சேலை நனைந்திருக்கிறது, கதிரை அழுக்காகிவிடும் என்று உட்காரவில்லையாம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. செக்கியூரிட்டி அண்ணன் தன் தேத்தண்ணியில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தார். அந்த மனிதரை நான் மறக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்வியியற் கல்லூரிகள் வந்தபோது இலங்கையில் பராய வயது, அதாவது சட்டப்படி பெரியவராகும் வயது, 21. மூன்று வருடம் கழித்து, 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதை 18 ஆக்கியது. உங்கள் அட்டை அந்த மூன்று வருட இடைவெளியில் அச்சடித்ததோ என்னவோ. சரி, பழைய கணக்கிலேயே பார்த்தாலும், பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வர்த்தமானி வந்து, நேர்முகத் தேர்வு முடிந்து கல்லூரிக்குள் கால் வைக்கும்போது எனக்கு 21 முடிந்திருந்தது. இரண்டு தேர்தலில் வாக்குப் போட்டிருந்தேன். ஜனாதிபதியைத் தெரிவு செய்ய என் புள்ளடி போதும். அப்புத்தளைக்கு ரயில் ஏற அம்மாவின் மூன்று சுழி வேண்டும்.

ஆனால் என்னை உறுத்துவது சட்டத்தை விட வேறொன்று. இரண்டு வருடம் விடுதி, மூன்றாம் வருடம் கட்டுறு பயிற்சி. என்னை வெலிமடைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பினீர்கள். தங்க இடம் நானே தேடினேன். கடைக்கு மேலே ஓர் அறை, தனியாகத்தான் இருந்தேன். எத்தனை மணிக்கு வந்தாய், எங்கே போனாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. எந்த அட்டையும் இல்லை. முன்னைய வருடம் டிசம்பர் வரை தனியாக பஸ் ஏறத் தெரியாதவளாக இருந்த நான் ஜனவரியில் திடீரென்று பெரிய மனுஷி ஆகிவிட்டேன் போலும். மார்ச் மாதம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா வெளிநாட்டில், அப்பா எங்கேயோ. அதிபர் சொல்லி நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். படிவத்தில் ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவை வைத்தபோது பழக்கதோஷத்தில் அம்மாவின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டேன். வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். நேர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தார்.

இப்போது உங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் என்னைக் கொண்டுவந்து விட்டபோது அம்மா முதலில் பார்த்தது நூலகத்தையோ விரிவுரை மண்டபத்தையோ அல்ல, கேட்டை. பூட்டைக் கையால் தூக்கிக்கூடப் பார்த்தார். “நல்ல பூட்டா இருக்கு” என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. தோட்டத்தில் வளர்ந்த பொம்பளப் பிள்ளை படிப்பதற்கு ஊர் விட்டுப் போகிறாள் என்றால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் அம்மா என்னை விட்டிருக்க மாட்டார். கடைக்கோ கார்மெண்டுக்கோ போயிருப்பேன். அதற்காக உங்களுக்கு நன்றி உண்டு. எனக்கென்று ஒரு கட்டில், எனக்கென்று ஒரு மேசை விளக்கு முதன்முதலில் கிடைத்த இடமும் அதுதான். ஆறு பேர் படுக்கும் ஒரு காம்பராவிலிருந்து வந்தவளுக்கு அது எத்தனை பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே கேட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. இரவில் பூட்டுங்கள். யார் வெளியே போகிறார்கள், எங்கே, எப்போது வருவார்கள் என்று எழுதி வையுங்கள். நெருப்போ மண்சரிவோ வந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிய வேண்டும்தானே. அதற்கு வேண்டியது போகிறவரின் கையெழுத்து. அடையாள அட்டை அவளிடமே இருக்கிறது. பயமாக இருந்தால் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். இன்று லயத்தில் எந்த வீட்டில் போன் இல்லை? அம்மாவின் குரலை நான் போலியாகப் பேச முடியாது.

தவணைத் தொடக்கத்தில் பெற்றோர் வருவது நல்லதுதான் என்று நீங்கள் நினைத்தால், வருடத்துக்கு ஒரு தடவை, தோட்டத்தில் வேலை இல்லாத ஞாயிறு அல்லது போயா நாளில் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் கொப்பியில் ஒப்பம் மட்டும் வாங்கி அனுப்பாமல், பிள்ளை என்ன படிக்கிறாள் என்று ஒரு விரிவுரையாளர் பத்து நிமிடம் பேசுங்கள். அம்மா ஆறு தடவை உங்கள் கல்லூரிக்கு வந்தார். நான் என்ன பாடத்துக்கு டீச்சராகப் போகிறேன் என்று எனக்கு நியமனம் கிடைத்த அன்றுதான் அவருக்குத் தெரியும்.

வேறு சில சின்ன விஷயங்கள், வந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியை எழுதும்போது மே, ஜூன் மாத மழையை யாரும் நினைக்கவில்லை. பாதையில் மண் சரிந்து பஸ் நின்று, ஐந்தரைக்கு நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்ததற்கு அடுத்த மாதப் பயணத்தை வெட்டினார்கள். பஸ் டிக்கெட்டைக் காட்டினேன். டிக்கெட்டில் கையெழுத்து இல்லை அல்லவா. அப்புறம் சேலை. தினமும் சேலை உடுத்த வேண்டும், சரி, டீச்சர்மார் உடுப்பது அதுதான். ஆனால் தென்மேல் பருவமழையில் மூன்று நாளானாலும் சேலை காயாது; ஸ்திரிக்கைப் பெட்டி ஒரு மாடிக்கு ஒன்று; அதுவும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரைதான். முப்பத்தெட்டுச் சேலையை ஒரு மணித்தியாலத்தில் எப்படி ஸ்திரி போடுவது என்று கணித விரிவுரையாளரிடமே கேட்கலாம். நாங்கள் ஈரச் சேலையை மெத்தைக்குக் கீழே விரித்து அதன் மேல் படுத்தோம். காலையில் மடிப்புக் கலையாமல் இருக்கும், முதுகுதான் குளிரும். ஆசிரிய மாணவருக்கான கொடுப்பனவு தாமதிப்பது உங்கள் கையில் இல்லை என்று தெரியும், அதனால் அதைக் கிளறவில்லை.

பகிடிவதைக்கு எதிரான 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தைக் கண்ணாடி போட்ட அறிவித்தல் பலகையில் தொங்கவிட்டிருந்தீர்கள். அதன் கீழே நின்றுதான் சீனியர் அக்காமார் எங்களுக்கு எப்படித் தலை பின்ன வேண்டும், எந்தப் படியில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று சொன்னார்கள். மூன்று மாதம் நான் பின்பக்கப் படியால் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். அலுவலகத்தில் சுழி எண்ணிய நேரத்தில் கால்வாசியை அந்தப் படிக்கட்டில் செலவழித்திருந்தால் அது ஒரு கிழமையில் நின்றிருக்கும்.

அன்று அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? “நீங்க போடாதீங்க, மகள் பார்த்துக்குவா” என்று வாய் வரை வந்தது. எனக்குத் தெரிந்த வழி அதுதான். சொல்லவில்லை. ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னேன். மகள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அன்று கரண்ட் இல்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதிய பிறகு அட்டையை எடுத்தோம். முதல் பெட்டியில் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிப்போய்விட்டது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் கடைசி எழுத்தின் புள்ளியை வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தார்; அது பக்கத்து எழுத்தின் மேல் விழுந்துவிட்டது.

மூன்றும் மூன்று மாதிரித்தான் இருக்கின்றன. மூன்றும் அவர் போட்டவை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், வேண்டுமானால் சாட்சிக்கு வருகிறேன். அந்த அட்டை இந்த மாதக் கடைசியில் உங்கள் மேசைக்கு வரும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஆசிரிய மாணவி